முள் தெரியாத கண்ணாடி

ஐம்பத்தோரு வயதில் ஒருவர் தொழில் கற்றுக்கொள்ளப் போனால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். வைரமணி அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டில் மனைவி, மாமியார், மாமியாரின் தங்கை, மூன்று மகள்கள் என்று அவரைப் பார்த்துச் சிரிக்க ஏற்கனவே போதுமான ஆட்கள் இருந்தார்கள். ஊரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

புதுக்கோட்டையில் அவர் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆட்கள் வருவது நின்றதும் இழுத்து மூடிவிட்டு, இரண்டு சந்து தள்ளி இருந்த நசீமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் நின்றார்.

நசீமா அவரைவிட எட்டு வயது இளையவர். தங்கச்சி என்று கூப்பிட்டால் தொழில் ஒட்டாது என்று வைரமணியே முடிவு செய்து, முதல் நாளிலிருந்தே ‘டீச்சர்’ என்றார். நசீமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதிகம் பேசுகிறவர் இல்லை அவர்.

கடைக்குப் பின்னாலேயே அவருடைய வீடு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே போவார். வைரமணி சைக்கிளைத் திருப்பும்போது அந்த வீட்டில் ஒரு விளக்கு எரியும். வேறு சத்தம் எதுவும் கேட்காது.

சேர்ந்த வாரத்திலேயே வைரமணிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஊருக்கெல்லாம் கண்ணாடி சரிசெய்கிற டீச்சரின் கண்ணாடி டீச்சருக்கே சரியாக உட்காரவில்லை. மூக்கின்மேல் ரொம்ப ஏறி, அடிவிளிம்பு கன்னத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது. யாராவது உள்ளே வந்தால், விரலால் அதை மூக்கு நுனிக்கு இறக்கித்தான் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் போனதும் பழையபடி ஏற்றிக்கொள்வார்.

“டீச்சர், உங்க கண்ணாடி சரியா உக்காரலையே?”

“சரியாத்தான் உக்காந்திருக்கு, அண்ணே.”

வைரமணி மேற்கொண்டு கேட்கவில்லை. சொந்தக் கண்ணாடியைப் பார்க்க நேரம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கடையில் கற்றுக்கொள்வதற்குக் கஷ்டமானது புரோகிரசிவ் கண்ணாடிதான். ஒரே கண்ணாடியில் மேல்பக்கம் தூரத்துக்கு, கீழ்ப்பக்கம் படிக்க, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம். கோடு எதுவும் வெளியே தெரியாது. அதனால் அது முகத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்வு கொஞ்சம் தவறினாலும் எழுத்து கலங்கும். போட்டிருக்கிறவர் ஃப்ரேமைச் சந்தேகப்பட மாட்டார். கண் போய்விட்டது என்று பயந்துவிடுவார்.

வைரமணி முதன்முதலாகச் சாய்வு பார்த்தது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்கு.

“நிமிர்ந்து உக்காருங்கம்மா. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. தோளைத் தளர்த்துங்க. இங்கே பாருங்க. ஆடாதீங்க.”

இருபத்தைந்து வருஷப் பழக்கம், நாக்கில் தானாக வந்தது. அந்த அம்மாளும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி அசையாமல் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நசீமா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“அண்ணே, இதை ஃபோட்டோவுக்குச் சாய்ச்சிருக்கீங்க. இவங்க வெளியே போனதும் ஃபோட்டோ முடிஞ்சுபோச்சு.”

அப்புறம் அந்த அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டிராயரில் எதையோ தேடுவதுபோல் நின்றார். வாய் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பேங்கில் கூட்டமா, பையன் எங்கே படிக்கிறான், மழை உங்கள் பக்கம் பெய்ததா. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கண்ணாடியை மறந்துவிட்டார். தலை ஒரு பக்கமாகத் தாழ்ந்து, தன் இடத்துக்கு வந்து நின்றது. நசீமா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

“தலையை நீங்க கூப்பிடாதீங்க. அதுவா வரும். அது வரைக்கும் டிராயர்ல தேடுங்க.”

வைரமணிக்கு அது பிடித்திருந்தது. அன்றிலிருந்து டிராயரில் தேடத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் கை நன்றாகத் திருந்தியது. கழுத்து வலியோடு திரும்பி வருகிறவர்கள் அனேகமாக நின்றுபோனார்கள்.

அருளானந்து மட்டும் நிற்கவில்லை.

அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘எடு வண்டியை, எடு வண்டியை’ என்று டிரைவர்களை விரட்டியே குரல் பெரிதானவர். தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதற்குள் தனக்குக் கல்யாண வயது போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரே அறையில் தனியாக இருந்தார். திங்கட்கிழமை தவறாமல் கடைக்கு வந்துவிடுவார். எப்போதும் ஒரே புகார்தான்.

“இங்கே எல்லாம் தெரியுதும்மா. வீட்டுல தட்டுல இருக்கற மீன் முள்ளு தெரியல.”

நசீமா அவரை உட்காரவைப்பார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுவார். காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துக் கம்பி பதிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கன்னத்துக்கும் அடிவிளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்ப்பார். அந்த நேரம் அருளானந்து பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் படிக்கிற அட்டையைக் கொடுத்தால், கடைசி வரியின் பொடி எழுத்தைக் கூடக் கணீரென்று படிப்பார்.

“சரியாயிருச்சு. ரொம்ப சந்தோஷம்மா.”

அடுத்த திங்கட்கிழமை வந்து நிற்பார்.

“டீச்சர், நீங்க எதையும் வளைக்கலையே?” என்று ஒரு முறை வைரமணி கேட்டார்.

“வளைக்க என்ன இருக்கு?”

“அப்போ எதுக்கு வர்றாரு?”

நசீமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை நசீமா லென்ஸ் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தார். கடையில் வைரமணி மட்டும். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அருளானந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வைரமணி டிராயரில் தேடினார், மழையைக் கேட்டார், பஸ்ஸைக் கேட்டார். அருளானந்துவின் தலை அசையவில்லை. முதுகு நேராக, தாடை நேராக, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்து இருந்தது. சாய்வு அச்சாகப் பொருந்தியிருந்தது. அட்டையைக் கடைசி வரி வரை படித்தார்.

“தெரியுதா சார்?”

“நல்லாத் தெரியுது. ஆனா வீட்டுல...”

“சார், இதே கண்ணாடி, இதே கண்ணு. நடுவுல வீடு மட்டும்தான் மாறுது. வீட்டுக்கு நம்பர் போட எங்ககிட்ட லென்ஸ் இல்ல.”

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அருளானந்துவும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“இதுக்காக இனிமே நீங்க அலைய வேண்டியதில்ல சார்” என்றார் வைரமணி.

“சரிங்க சார். உங்களுக்கும் வேலை இருக்கும்ல” என்று எழுந்து போனார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. நசீமா வாசலைப் பார்த்தார்.

“அருளானந்து சாரைக் காணோமே?”

வைரமணி நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வம்பை முடித்து வைத்தவரின் பெருமை. சொல்லிவிட்டு, மனதில் இருந்த கேள்வியையும் கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். இங்கே தெரியற கண்ணாடி வீட்டுல எப்படித் தெரியாமப் போகும்?”

நசீமா பிளையரையும் சின்ன ஸ்குரு டிரைவரையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

“அவர் சாப்பிடற நேரமாப் பார்த்துப் போங்க. மேலே ஏறும்போது சத்தம் போடாதீங்க.”

“டிராயர்ல தேடறதுக்கு அங்கே டிராயர் இருக்குமா?” என்று வைரமணி சிரித்தார்.

நசீமா சிரிக்கவில்லை.

மத்தியானம் வைரமணி மாடி ஏறினார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அருளானந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தண்ணீர்ச் செம்பு.

வைரமணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

கடையில் பார்த்த ஆள் இல்லை அது. முதுகு கூன் போட்டிருந்தது. தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. தலை அப்படித் தொங்கியதால், தட்டில் கிடந்த சோற்றை அவர் கண்ணாடியின் மேல்பக்கத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்துப் பஸ்ஸின் போர்டைப் படிப்பதற்காக வைத்த பக்கம் அது. அதன் வழியாகப் பார்த்தால் முள் என்ன, மீனே சரியாகத் தெரியாது. அவர் விரலால் சோற்றைத் தடவித் தடவி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். எதிர்ச் சுவரில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

வைரமணி வீட்டில் சாப்பிடும்போது யாராவது அவர் தட்டில் கை வைப்பார்கள். யாராவது சண்டை போடுவார்கள். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடிகிறதா என்று அவர் கத்தாத நாள் கிடையாது. வாசலில் நின்றபடியே கனைத்தார்.

அருளானந்துவின் தலை உடனே நிமிர்ந்தது.

“யாரு? அட, சார்! வாங்க வாங்க. இங்கே உக்காருங்க.”

எழுந்தார், துண்டால் கட்டிலைத் தட்டினார், தலைமுடியைச் சரிசெய்தார். முதுகு நேரானது. தாடை நேரானது. கண்ணாடி முகத்தில் அச்சாகப் பொருந்தி நின்றது. குரல் மட்டும் கரகரவென்று கிழிந்திருந்தது.

“குரலுக்கு என்ன சார்?”

“அதுவா? போன வாரம் கெண்டை வாங்கினேன். முள்ளு ஒண்ணு மாட்டிக்கிச்சு. முதுகுல தட்டி விட்டா வந்துரும், ஆனா தட்டறதுக்கு ஆள் வேணும்ல? அந்தச் செவுத்துல நானே முதுகை இடிச்சுக்கிட்டேன். கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு சார். அப்புறம் வாழைப்பழத்தை முழுங்கி, எப்படியோ போயிருச்சு.”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?”

“போனா எல்லாம் சரியாயிருச்சேன்னு அவங்களும் சிரிப்பாங்க” என்றார் அருளானந்து. குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அதுதான் வைரமணிக்கு அதிகமாக வலித்தது.

“கண்ணாடியில ஒரு குறையும் இல்ல சார். நீங்க சொன்னது சரிதான். நான் மீனை விட்டுட்டேன்.”

“சாப்பாட்டை முடிங்க சார். நான் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

அருளானந்து சாப்பிட்டார். நேராக உட்கார்ந்து, தட்டை உயர்த்திப் பிடித்து, பேசிக்கொண்டே சாப்பிட்டார். கீரையில் கிடந்த ஒரு சின்னக் கல்லைக் கண்டுபிடித்து எடுத்துக் காட்டினார்.

“பாருங்க, இப்போ எவ்வளவு தெளிவாத் தெரியுது!”

வைரமணி பையைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை கடைக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டு படி இறங்கியவர், தப்பு என்று தெரிந்தும் நின்று கதவிடுக்கின் வழியாகத் திரும்பிப் பார்த்தார். அருளானந்து முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அது மெல்ல வடிந்தது. அப்புறம் தோள் இறங்கியது. கடைசியாகத் தலை இறங்கியது. ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் அடித்து முடிந்ததும் ஆட்களின் முகம் இப்படித்தான் இறங்கும். அவர் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அவர்கள் இறங்கி எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? சைக்கிளில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டார். ஃப்ரேமை மூக்கின்மேல் ஏற்றி, அடிவிளிம்பைக் கன்னத்தோடு சாய்த்துவிட்டால், தொங்குகிற தலைக்கும் படிக்கிற பக்கம் நேராக வந்து நிற்கும். அப்புறம் எந்த முள்ளும் தப்பாது.

திங்கட்கிழமை அருளானந்து வந்தார். வைரமணி அவரை வாசல் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்தார். கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்மேசைக்கு வந்து, ஃப்ரேமை இளக்குகிற ஹீட்டரைப் போட்டார். நசீமா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

வைரமணி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

“நான்தான் தப்பு டீச்சர். அவருக்கு ரெண்டு தலை இருக்கு. நாம கடைத் தலைக்குக் கண்ணாடி வச்சிருக்கோம். இப்போ வீட்டுத் தலைக்குச் சாய்ச்சுக் குடுத்துர்றேன். இனிமே முள்ளு மாட்டாது.”

ஹீட்டர் சூடேறிக்கொண்டிருந்தது. நசீமா தன் கண்ணாடியைக் கழற்றி, அருளானந்துவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது மாதிரி ஆக்கப் போறீங்க. அவ்வளவுதானே?”

வைரமணி குனிந்து பார்த்தார். டீச்சருடையதும் புரோகிரசிவ்தான். டீச்சரின் ஃப்ரேமில் மூக்குப் பக்கத்து ரப்பர்கள் நன்றாகக் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தன, ஃப்ரேம் மேலே ஏறி நிற்பதற்காக. அடிவிளிம்பு கன்னத்தைத் தொடும்படி சாய்ந்திருந்தது. சைக்கிளில் வரும்போது அவர் மனதில் போட்ட கணக்கு, இம்மி பிசகாமல், மேசைமேல் கிடந்தது.

“டீச்சர்...”

“சரியா உக்காரலேன்னு கேட்டீங்களே. இது வீட்டுக்கு வச்சது, அண்ணே.”

“அப்போ கடையில?”

“கடையில மங்கல்தான். வர்ற முகம் எல்லாம் மங்கல். கையால இறக்கி இறக்கிப் பார்த்துக்குவேன்.”

“எவ்வளவு நாளா?”

“உம்மா மவுத்தாப் போனதுக்கு அப்புறம்.”

நசீமாவின் அம்மா இறந்தது எந்த வருஷம் என்று வைரமணிக்குத் தெரியும். உம்மாவின் பெரிய படம் அவருடைய ஸ்டுடியோவில்தான் ஃப்ரேம் போடப்பட்டது. வைரமணியின் கடைசி மகள் அப்போது பிறக்கவில்லை.

வாசலில் அருளானந்து யாரோ வழியில் போகிறவரிடம், திருமயம் பஸ் இந்தப் பக்கம் நிற்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நசீமா ஹீட்டரை வைரமணியின் பக்கம் நகர்த்தினார்.

“சூடு காட்டுங்க. முடிஞ்சதும் நான் அவர்கிட்ட சொல்லிர்றேன். சார், வீட்டுல இனிமே எல்லாம் தெளிவாத் தெரியும். இங்கே வர வேண்டியதில்லைன்னு.”

வைரமணி பிளையரைப் பிடித்தபடியே நின்றார். தன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைதான். இப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது.

பிளையரை வைத்தார். அருளானந்துவின் கண்ணாடியைத் துடைத்தார். எதையும் வளைக்காமல் பெஞ்சுக்கு எடுத்துப் போய், அவர் முகத்தில் மாட்டினார். காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அருளானந்து பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், கெண்டை எங்கே நல்லாக் கிடைக்கும்?”

“ஏன் சார்?”

“எங்க வீட்டுல ஆறு பொம்பளைங்க. நிம்மதியா ஒரு வாய் திங்க முடியல. மத்தியானம் சோத்தை எடுத்துக்கிட்டு உங்க ரூமுக்கு வந்துர்றேன். மீனுக்கு நான் காசு தர்றேன். முள்ளு எடுக்கறது உங்க பாடு.”

அருளானந்து கண்ணைத் திறந்தார். கனைத்துவிட்டு, டிரைவரை விரட்டுகிற குரலில் சொன்னார்.

“பன்னெண்டரைக்கு மேல வந்தா சோறு ஆறிப்போயிரும். நேரத்துக்கு வரணும்.”

அவரை அனுப்பிவிட்டு வைரமணி உள்மேசைக்கு வந்தார். ஹீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரின் கண்ணாடி அங்கேயே கிடந்தது. கண்ணாடி இல்லாத நசீமாவின் முகத்தை அவர் அன்றுதான் பார்த்தார். மூக்கின் மேலே இரண்டு பக்கமும் ரப்பர் அழுத்திய தடம் ஆழமாக இருந்தது.

வைரமணி அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

“இதைக் கொஞ்சம் இறக்கிரட்டுமா, டீச்சர்? ரெண்டு நிமிஷ வேலை. வர்றவங்க முகமெல்லாம் பளிச்சுன்னு தெரியும்.”

நசீமா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மாட்டினார். விரலால் மூக்கு நுனிக்கு இறக்கி, வைரமணியை நன்றாகப் பார்த்தார்.

“அப்ப, வீட்டுல?”

வைரமணி டிராயரைத் திறந்து, எதையோ தேடத் தொடங்கினார்.